ஊக்கத்தொகையும் விடுபடும் பிள்ளைகளும்

சேலம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே அமைந்த ஊர் தம்மம்பட்டி. இவ்வூரின் மரச்சிற்பங்கள் புவிசார் குறியீடு பெற்றவை. பட்டறையில் அமர்ந்து உளி பிடிக்கும் தொழிலாளிக்குப் பெரும்பாலும் உருப்படிக்கு இவ்வளவு என்றே கூலி பேசப்படுகிறது. சற்றுத் தொலைவில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் விசைத்தறித் தொழிலாளிக்கு நெய்த மீட்டருக்குக் கூலி. நாமக்கல் லாரி ஓட்டுநருக்கு நடைக்குப் படி. செய்த வேலையின் அளவுக்கேற்பக் காசு என்பது இந்தச் சமவெளி மக்களுக்குப் புதிய செய்தி அன்று.

ஆகவே, 'பிள்ளைகளின் கற்றல் அடைவுக்கேற்ப ஆசிரியருக்கு ஊக்கத்தொகையும் பள்ளிக்கு நிதியும் தந்தால் என்ன?' என்று யாரேனும் கேட்டால், ஊர் மக்கள் தலையசைத்து ஏற்றுக்கொள்கிறார்கள். 'பாடம் நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் ஒரே சம்பளம் என்றால் எப்படி சார்?' என்று தேநீர்க் கடையில் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பகுதியின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தியதில்லை. அது நியாயமான கேள்வி. ஆனால், அதற்கான விடை தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடியதன்று.

புதிய கல்விக் கொள்கை 2020, சிறப்பாகச் செயல்படும் ஆசிரியர்களை ஊக்குவிக்கும் வகையில் தகுதி அடிப்படையிலான ஊதிய, பதவி உயர்வு முறையைப் பரிந்துரைக்கிறது. அதே ஆண்டில் உலக வங்கி ஒப்புதல் அளித்த 'ஸ்டார்ஸ்' திட்டம், கேரளம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் பள்ளிக் கல்விக்கான கடனுதவியை எட்டப்படும் விளைவுகளோடு பிணைத்தது. தமிழ்நாடு அதில் இல்லை. எனினும், விளைவுக்கேற்ற நிதி என்ற கருத்து நம் வாசலுக்கு வந்துவிட்டது. அது எங்கே பயன் தந்தது, எங்கே தீங்கு செய்தது என்பதைப் பதற்றமின்றி அறிந்துகொள்வது நல்லது.

பழைய அனுபவம்

இக்கருத்து புதியது என்று நினைத்தால் தவறு. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் கொண்டுவந்த திருத்தப்பட்ட கல்வி விதிகள், பள்ளிக்கான அரசு மானியத்தைப் பிள்ளைகளின் வருகையோடும் தேர்ச்சியோடும் இணைத்தன. ஒரு பிள்ளைக்கு 4 ஷில்லிங் வருகைக்காக. 8 ஷில்லிங் தேர்வுக்காக. படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றில் எதில் பிள்ளை தவறினாலும் அதற்குரிய பங்கு வெட்டப்படும். ஆய்வாளர் வரும் நாளுக்காகவே ஆண்டு முழுவதும் பள்ளிகள் இயங்கத் தொடங்கின. பாடநூலை மனப்பாடம் செய்துவிட்டு, நூலைத் தலைகீழாகப் பிடித்தபடி பிள்ளைகள் தடையின்றி 'வாசித்த' கதைகள் அக்காலத்தியவை. கவிஞரும் பள்ளி ஆய்வாளருமான மேத்யூ ஆர்னால்டு இம்முறையைத் தொடர்ந்து கண்டித்தார். 1890களில் அது படிப்படியாகக் கைவிடப்பட்டது.

அதே முறை கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1860களிலிருந்து, தேர்வு முடிவைப் பார்த்து மானியம் வழங்கும் ஏற்பாடு இங்கு நடைமுறைக்கு வந்தது. ஊரார் தரும் தானியத்தையும் காணிக்கையையும் நம்பியிருந்த திண்ணைப் பள்ளி ஆசிரியர்களை அரசின் வரம்புக்குள் கொண்டுவர அது ஒரு வழியாக அமைந்தது என்பதையும் மறுக்க முடியாது. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு, கல்லூரிகளுக்கு இம்முறை வேண்டாம் என்றும், தொடக்கப் பள்ளிகளுக்கு ஏற்கத்தக்கது என்றும் கருதியது. ஆனால், கர்சன் காலத்தில் 1904இல் வெளியான இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறைக்கு எதிரான நிலைப்பாட்டை எடுத்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்து, பிறந்த இடத்திலும் வந்த இடத்திலும் கைவிடப்பட்ட ஒரு முறையை நாம் மீண்டும் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆந்திரத்தின் சோதனை

ஆயினும், பழைய தோல்வியை மட்டும் காட்டி வாதத்தை முடித்துவிடுவது நேர்மையாகாது. நம் அண்டை மாநிலத்திலேயே, நம்மைப் போன்ற கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில், இம்முறை மிகுந்த கவனத்தோடு சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் வழிநடத்திய அந்த ஆய்வு, 2005ஆம் ஆண்டு ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் தொடங்கியது. மாநில அரசு, அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, உலக வங்கி ஆகியவை அதில் இணைந்திருந்தன.

ஐந்து மாவட்டங்களிலிருந்து 500 பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, குலுக்கல் முறையில் ஐந்து பிரிவுகளாக்கப்பட்டன. 100 பள்ளிகளில் பள்ளியின் மொத்த முன்னேற்றத்துக்கேற்ப ஆசிரியர் அனைவருக்கும் சமமான ஊக்கத்தொகை. 100 பள்ளிகளில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனித்தனியே, அவரவர் மாணவர்களின் முன்னேற்றத்துக்கேற்ப ஊக்கத்தொகை. 100 பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியர். 100 பள்ளிகளுக்குக் கற்றல் பொருள்கள் வாங்க ரொக்க மானியம். எஞ்சிய 100 பள்ளிகள் ஒப்பீட்டுக்காக வழக்கம்போல் இயங்கின.

ஊக்கத்தொகையின் கணக்கு எளியது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் ஒரு தேர்வு. சராசரி முன்னேற்றம் 5 விழுக்காட்டைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு விழுக்காட்டுப் புள்ளிக்கும் ஆசிரியருக்கு 500 ரூபாய். சராசரியாக ஆசிரியர் பெற்ற தொகை அவரது ஆண்டு ஊதியத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடுதான்.

இரண்டு ஆண்டுகளின் முடிவில், ஊக்கத்தொகை தந்த பள்ளிகளின் பிள்ளைகள் கணக்கில் 0.27, மொழியில் 0.17 திட்ட விலக்கம் அளவுக்கு முன்னேறியிருந்தனர். புள்ளியியலாளரின் இக்கணக்கைச் சாதாரண மொழியில் இப்படிச் சொல்லலாம்: நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் 50ஆவது இடத்தில் நின்ற பிள்ளை கணக்கில் சுமார் 60ஆவது இடத்துக்கும், மொழியில் சுமார் 57ஆவது இடத்துக்கும் மேலேறியது. ஊக்கத்தொகைக் கணக்கில் சேராத அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. மனப்பாடக் கேள்விகளில் மட்டுமின்றி, சிந்தித்து விடையளிக்க வேண்டிய கேள்விகளிலும் அது தெரிந்தது. தனித்தனி ஊக்கத்தொகை தொடர்ந்த பள்ளிகளில், ஐந்து ஆண்டுத் தொடக்கக் கல்வியையும் அதே முறையில் முடித்த பிள்ளைகள் கணக்கில் 0.54, மொழியில் 0.35 திட்ட விலக்கம் முன்னிலையில் இருந்தனர். அதே செலவில் பொருளும் ஆளும் தந்த பள்ளிகளைக் காட்டிலும் ஊக்கத்தொகைப் பள்ளிகளே கூடுதல் பயன் கண்டன.

இன்னொரு முடிவும் கவனிக்கத்தக்கது. ஊக்கத்தொகைப் பள்ளிகளில் ஆசிரியர் விடுப்பு குறையவில்லை. வந்த நாள்களில் அவர்கள் கூடுதலாக உழைத்தனர்: கூடுதல் வீட்டுப்பாடம், பள்ளி நேரத்துக்குப் பிந்தைய வகுப்பு, பயிற்சித் தேர்வு. ஆக, சிறு தொகையும் ஆசிரியரின் செயலை மாற்றும் என்பதை ஆந்திரம் காட்டிவிட்டது. இதை மறுப்பவர்கள் சான்றை மறுக்கிறார்கள்.

உலகம் காட்டும் மறுபக்கம்

ஆனால், அதே மருந்து எல்லா உடலிலும் ஒரே வகையாக வேலை செய்யவில்லை. கென்யாவின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில், மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணுக்கேற்ப ஆசிரியர்களுக்குப் பரிசு தரப்பட்டது. தேர்வுக்குத் தயார்படுத்தும் சிறப்பு வகுப்புகள் பெருகின. ஆசிரியர் வருகையோ வீட்டுப்பாடமோ பெருகவில்லை. பரிசோடு இணைந்த தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது. திட்டம் முடிந்தபின் அந்த உயர்வு நிலைக்கவில்லை. பிள்ளைகள் கற்றது பாடத்தையன்று, தேர்வை எழுதும் உத்தியை என்றே ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தனர்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2006 முதல் மூன்று ஆண்டுகள், கணித ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் வரை ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. ஒட்டுமொத்தத்தில் மாணவர் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அட்லாண்டா நகரிலோ நிலைமை விபரீதமானது. தேர்வு இலக்குகளை எட்டியாக வேண்டும் என்ற அழுத்தத்தில், ஆசிரியர்களும் முதல்வர்களுமே மாணவரின் விடைத்தாள்களைத் திருத்தினர். 2011இல் வெளியான மாநில அரசின் விசாரணை அறிக்கை 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 பேரைக் குற்றஞ்சாட்டியது. சிலர் நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றனர்.

தான்சானியாவில் 350 பள்ளிகளில் நடந்த ஆய்வு வேறொரு பாடத்தைச் சொல்கிறது. பள்ளிக்கு நிதி மட்டும் தந்தபோது கற்றலில் மாற்றமில்லை. ஆசிரியருக்கு ஊக்கத்தொகை மட்டும் தந்தபோது பயன் தெளிவாக இல்லை. இரண்டையும் சேர்த்துத் தந்தபோது பிள்ளைகள் தெளிவாக முன்னேறினர். கரும்பலகையும் புத்தகமும் இல்லாத ஆசிரியருக்கு ஊக்கத்தொகை எதற்கு? ஊக்கமில்லாத ஆசிரியரின் கையில் புத்தகம் எதற்கு? இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் சேவா மந்திர் நடத்திய ஓராசிரியர் மையங்களில், மதிப்பெண்ணை அளக்காமல் வருகையை மட்டும் அளந்தனர். தேதியும் நேரமும் பதிவாகும் கேமராவில் காலையும் மாலையும் பிள்ளைகளோடு ஆசிரியர் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வந்த நாள்களுக்கேற்ப ஊதியம். ஆசிரியர் இல்லாத நாள்கள் 42 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகப் பாதியாகக் குறைந்தன. பிள்ளைகளின் கற்றலும் உயர்ந்தது. எதை அளக்கிறோமோ அதுவே மாறுகிறது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இங்கேதான் கவனம் தேவை. 2016இல் நோபல் பரிசு பெற்ற பெங்ட் ஹோம்ஸ்ட்ரோம், பால் மில்க்ரோம் என்பவரோடு இணைந்து 1991இல் எழுதிய ஆய்வில் இதை விளக்கினார். ஒருவர் பல வேலைகளைச் செய்யவேண்டிய பணியில், அளக்க எளிதான ஒரு வேலைக்கு மட்டும் காசு வைத்தால், அளக்க இயலாத மற்ற வேலைகள் கைவிடப்படும். விசைத்தறியில் நெய்த துணியை மீட்டர் கொண்டு அளந்துவிடலாம். பயந்து ஒடுங்கிக் கிடந்த பிள்ளை ஒன்று முதன்முறை எழுந்து நின்று கேள்வி கேட்டதை எந்த அளவுகோலால் அளப்பது?

என் தவறு ஒன்று

இதை ஏட்டறிவாக மட்டும் நான் சொல்லவில்லை. 2012ஆம் ஆண்டு வாக்கில், பச்சைமலை அடிவாரத்தை ஒட்டிய ஓர் ஈராசிரியர் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தேன். அப்பகுதியின் பல குடும்பங்கள் மிளகு பறிக்கும் பருவத்தில் கேரளத்துக்கு வேலைக்குப் போய்விடும். பிள்ளைகளும் உடன் செல்வர்; மூன்று மாதம் கழித்துத் திரும்புவர். அப்படித் திரும்பிய அண்ணனும் தங்கையுமான இரு பிள்ளைகள் என் பள்ளியில் இருந்தனர். பாட்டி வீட்டில் தங்கிப் படித்தனர். இடையில் விட்டுப்போனதால், செயல்வழிக் கற்றலின் ஏணிப்படியில் மற்றவர்களைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தனர்.

பிள்ளைகளின் கற்றல் அடைவைச் சோதிக்க வெளியிலிருந்து ஒரு குழு மறுநாள் வருவதாகத் தகவல் வந்தது. அன்று மாலை நான் அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போனேன். "நாளைக்கு ஒரு நாள் பிள்ளைங்கள வீட்டுலயே வெச்சுக்கங்க ஆயா" என்றேன். அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "ஏன் சார், புள்ளைங்க என்ன தப்பு பண்ணுச்சுங்க?" என்று கேட்டார். நான் ஏதோ காரணம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் என் பள்ளியின் அடைவு நன்றாக இருந்தது. கூட்டத்தில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டைப் பெற்றுக்கொண்ட என் கைகளில் அன்று ஒரு ரூபாய்கூட ஊக்கத்தொகையாக வரவில்லை. பெயருக்காக மட்டுமே அதைச் செய்தேன். பெயருக்காகவே இரண்டு பிள்ளைகளைக் கணக்கிலிருந்து எடுத்தவன், பணமும் சேர்ந்திருந்தால் இன்னும் எத்தனை பேரை எடுத்திருப்பேன்? நான் கெட்ட ஆசிரியன் அல்லன் என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால், நல்ல ஆசிரியரையும் அளவுகோல் வளைத்துவிடும் என்பதை அன்று கற்றேன். மரம் செதுக்குபவர் கணு விழுந்த கட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு நல்ல கட்டையை எடுத்துக்கொள்ளலாம். அது அவர் தொழிலின் நியாயம். ஆசிரியருக்கு அந்த உரிமை இல்லை.

ஆந்திர ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம், அது இந்தப் பள்ளத்தை முன்கூட்டியே கண்டுகொண்டதுதான். ஆண்டுத் தொடக்கத் தேர்வை எழுதிய பிள்ளை ஆண்டு முடிவுத் தேர்வுக்கு வராவிட்டால், அப்பிள்ளையின் முன்னேற்றம் பூஜ்யம் என்று கணக்கில் சேர்க்கப்பட்டது. ஆகவே, பலவீனமான பிள்ளையை வீட்டில் நிறுத்தினால் ஆசிரியருக்கே இழப்பு. தேர்ச்சி எல்லை என்ற ஒரு கோட்டைப் போடாமல், எல்லாப் பிள்ளைகளின் சராசரி முன்னேற்றத்தையும் எடுத்ததால், கோட்டுக்கு அருகில் நிற்பவரை மட்டும் கவனித்து மற்றவரை விட்டுவிடும் ஆசையும் தடுக்கப்பட்டது. ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புக்கு ஒருவராக ஐந்து பேர் கொண்ட வெளிக்குழு சென்று தேர்வு நடத்தியது. பிள்ளைகளின் அடையாளம் சரிபார்க்கப்பட்டது. விடைத்தாள்கள் மேற்பார்வையுள்ள மையத்தில் திருத்தப்பட்டன. பயன் தந்தது ஊக்கத்தொகை மட்டுமன்று. அதைச் சுற்றிக் கட்டப்பட்ட இந்த வேலியும்தான்.

அந்த வேலிக்கு ஆகும் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வட்டாரத்தில் 60 தொடக்கப் பள்ளிகள் இருப்பதாகக் கொண்டால், ஒரு முறை தேர்வு நடத்த 300 ஆள்நாள்கள். ஆண்டுக்கு இருமுறை என்றால் 600. இவர்கள் அந்த வட்டாரத்தின் ஆசிரியர்களாக இருக்கக் கூடாது. ஒரு பள்ளி ஆசிரியர் மற்றொரு பள்ளிக்குத் தேர்வு நடத்த அனுப்பப்பட்டால், 'இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு' என்ற ஒப்பந்தம் பேசாமலே உருவாகிவிடும். வேலியைக் கட்டாமல் ஊக்கத்தொகையை மட்டும் அறிவித்தால், ஆந்திரத்தின் விளைவு கிடைக்காது. அட்லாண்டாவின் விளைவுதான் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் 'ஊக்கம்' எதற்கு?

நம் மாநிலத்தில் 'ஊக்க ஊதிய உயர்வு' என்ற சொல் ஆசிரியர் அனைவருக்கும் அறிமுகமானது. ஆனால், அது பிள்ளைகளின் கற்றலுக்காகத் தரப்பட்டதன்று. ஆசிரியர் கூடுதலாகப் பெற்ற பட்டத்துக்காகத் தரப்பட்டது. 2020 மார்ச் மாதம் அந்த முறையும் நிறுத்தப்பட்டது. சிறந்த ஆசிரியருக்கு டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது உண்டு. 10,000 ரூபாயும் வெள்ளிப் பதக்கமும் பெருமைக்குரியவை. ஆயினும், மாநிலத்தின் இலட்சக்கணக்கான ஆசிரியரில் சில நூறு பேருக்குக் கிட்டும் விருது, மற்றவர்களின் அன்றாட வகுப்பை மாற்றிவிடாது.

அடிப்படை ஊதியத்திலோ பெரும் முரண் ஒன்று நீடித்தது. 2009 மே 31 வரை பணியேற்ற இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்றும், மறுநாளான ஜூன் 1 முதல் பணியேற்றவருக்கு 5,200 ரூபாய் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரே பள்ளியில், அடுத்தடுத்த வகுப்பறையில், ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு ஒரு நாள் வித்தியாசத்தில் இவ்வளவு இடைவெளி. 'சம வேலைக்குச் சம ஊதியம்' கேட்டு அவர்கள் சென்னையில் பலமுறை போராடியதை நாடறியும். இத்தகைய ஊதிய அமைப்பின் மேல் செயல்திறன் ஊக்கத்தொகை என்ற மாடியைக் கட்டினால், குறைவாக ஊதியம் பெறும் ஆசிரியர் அதை ஊக்கமாகப் பார்க்கமாட்டார். தமக்கு உரியதை மறுத்துவிட்டுக் காட்டும் ஆசையாகவே பார்ப்பார். அஸ்திவாரம் முதலில் சமப்படுத்தப்பட வேண்டும்.

பள்ளிக்கான நிதி எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையை ஒட்டியது. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய்; 31 முதல் 100 வரை 25,000 ரூபாய். சுண்ணாம்பு அடிப்பதும் குழாய் மாற்றுவதும் சிறிய பள்ளிக்கும் பெரிய பள்ளிக்கும் பொதுவான செலவுகள்தாம். மலையடிவாரத்தில் 28 பிள்ளைகளோடு இயங்கும் பள்ளி ஏற்கெனவே குறைவாகப் பெறுகிறது. இதோடு மதிப்பெண்ணையும் சேர்த்து, 'நன்கு கற்ற பள்ளிக்கு அதிகம், பின்தங்கிய பள்ளிக்குக் குறைவு' என்று மாற்றினால், நிதி யாருக்கு மிகவும் தேவையோ அவரிடமிருந்து அது விலகிச் செல்லும். விதை முளைக்காத நிலத்துக்குத் தண்ணீரை நிறுத்தும் விவசாயி எவருமில்லர்.

நிதியை நிபந்தனையோடு கட்டுவதன் விளைவையும் அண்மையில் கண்டோம். பிஎம் ஸ்ரீ திட்டத்தில் சேரக் கையெழுத்திடாததால், 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு விடுவிக்கப்படவில்லை. அது கற்றல் விளைவு சார்ந்த நிபந்தனை அன்று. அதன் அரசியல் நியாயங்களில் கருத்து வேறுபடலாம். ஆனால், மேலே இருப்பவர்களின் பிணக்கில் நிதி நின்றால், அதன் சுமையைக் கீழே வகுப்பறையே தாங்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இதற்கிடையே, செயல்திறன் ஊக்கத்தொகை ஏதுமின்றியே நாம் பெற்ற ஒரு வெற்றியையும் நினைவுகூர வேண்டும். பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில், மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தன்னார்வலர்கள் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து ஆராய்ந்ததில், பள்ளி திறந்து ஆறு மாதங்களுக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது தெரிந்தது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் வந்தது. அந்த ஆய்விலும் ஆந்திர ஆய்வை நடத்திய கார்த்திக் முரளிதரன் பங்கேற்றார் என்பது பொருத்தமானது. பிள்ளைக்குத் தேவைப்படுவது அதன் நிலையறிந்து உடன் அமரும் ஒருவரின் நேரம். ஊக்கத்தொகை அந்த நேரத்தை வாங்கித் தருமானால் நல்லது. அந்த நேரத்தைத் தேர்வுப் பயிற்சியாக மாற்றிவிடுமானால் கேடு.

என்ன செய்யலாம்?

என் அனுபவமும் நான் படித்தறிந்தவையும் சேர்ந்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முதலாவதாக, ஊதிய முரண்பாட்டைத் தீர்ப்பதும் காலிப் பணியிடங்களை நிரப்புவதும் ஊக்கத்தொகைப் பேச்சுக்கு முன் நடக்க வேண்டியவை. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்; அவர்களுள் ஒருவர் பயிற்சிக்கோ பதிவேற்றப் பணிக்கோ சென்றுவிட்டால் மீதி ஒருவர். அவரிடம் எந்த அடைவைக் கேட்பது?

இரண்டாவதாக, ஊக்கத்தொகை தருவதென்றால் சில வட்டாரங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்க வேண்டும். அளக்க வேண்டியது மதிப்பெண்ணின் உயரத்தையன்று. ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற இடத்திலிருந்து நகர்ந்த தொலைவை. அடிவாரப் பள்ளி நகரப் பள்ளியோடு போட்டியிட வேண்டியதில்லை. சென்ற ஆண்டின் தன்னோடு போட்டியிட்டால் போதும்.

மூன்றாவதாக, பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு பெயரும் கணக்கில் இருக்க வேண்டும். தேர்வன்று வராத பிள்ளையின் முன்னேற்றம் பூஜ்யம் என்ற விதி கட்டாயம். இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிக் கொண்டுவந்து சேர்ப்பதற்குத் தனி மதிப்பும் தரலாம். மதிப்பிடுவது கல்வித் துறைக்கு வெளியே உள்ள குழுவாக இருக்க வேண்டும்.

நான்காவதாக, தனியாசிரியரைவிடப் பள்ளி முழுமைக்கும் தொகையைத் தருவது ஈராசிரியர், மூவாசிரியர் பள்ளிகளுக்கு ஏற்றது. ஆந்திரத்தில் காலம் செல்லச் செல்லத் தனியாசிரியர் முறையே கூடுதல் பயன் தந்தது என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். முதல் வகுப்பில் எழுத்து கற்பித்தவரின் உழைப்பு ஐந்தாம் வகுப்பில்தான் பழுக்கிறது. ஒரே கூடத்தில் இரு வகுப்புகளை மாற்றி மாற்றிப் பார்க்கும் பள்ளியில், இது அவருடையது, இது இவருடையது என்று பிரிக்க முயன்றால் இருவருக்கும் இடையே சுவர்தான் எழும்.

ஐந்தாவதாக, ஆசிரியருக்கான ஊக்கமும் பள்ளிக்கான நிதியும் எதிரெதிர்த் திசையில் செல்ல வேண்டும். முன்னேற்றம் காட்டிய ஆசிரியருக்குப் பாராட்டும் தொகையும் போகட்டும். பின்தங்கிய பள்ளிக்குக் கூடுதல் நிதியும் கூடுதல் ஆளும் போகட்டும். அங்குள்ள பிள்ளைகள் எந்தத் தேர்விலும் தோற்றதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது.

தேநீர்க் கடை நண்பருக்கு என் பதில் இதுதான்: ஆசிரியருக்கு அளவுகோல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால், அளவுகோலைச் செய்பவர்கள் அதை ஒருமுறை பாட்டி வீட்டு வாசலில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சிறுவன் பின்னர் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தங்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். கூட்டத்தில் என்னைப் பாராட்டிய நாளின் கணக்கில் இருவருமே இல்லை. புள்ளைங்க என்ன தப்பு பண்ணுச்சுங்க என்ற கேள்விக்கு அன்று நான் சொல்ல வேண்டிய பதில், 'அவர்கள் செய்யவில்லை ஆயா, நான் செய்கிறேன்' என்பது. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய நிலை இன்னோர் ஆசிரியருக்கு நேராதபடி அமைகிற திட்டம் எதுவாயினும் அதை வரவேற்கலாம்.

கட்டுரையாளர்: தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் (ஓய்வு).